வீட்லதானே தைக்கிற

தையல் மெஷினைப் பற்றி இன்னும் பத்து வருடத்துக்குத் தமிழில் யாரும் உருகி எழுதக் கூடாது என்று ஒரு தீர்மானம் வந்தால், முதல் கையெழுத்து என்னுடையது. அம்மாவின் பழைய உஷா மெஷின், மிதிக்கட்டையின் சத்தம், நடுராத்திரியில் எரியும் குண்டு பல்பு, தீபாவளிக்கு முந்தின நாள் அவசரமாகக் காஜா எடுத்த சட்டை, கடைசியில் மகன் இன்ஜினியர். எல்லாம் கவிதையில் வந்துவிட்டது, சிறுகதையில் வந்துவிட்டது. சினிமாவில் கணவன் இல்லாத அம்மா ஒருத்தி வந்தால் மூலையில் ஒரு மெஷின் இருந்தே ஆக வேண்டும். நானும் எழுதியிருக்கிறேன். ஏழு வருடம் முன்பு ஒரு கட்டுரையில் அம்மா தைக்கும் சத்தத்தைத் தாலாட்டு என்று எழுதினேன். படித்தவர்கள் கண் கலங்கியதாகச் சொன்னார்கள். பெருமையாக அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "அப்பல்லாம் இடுப்பு வலி உயிர் போவும்டா. அதப் போட்டியா?" என்றார்.

போடவில்லை.

எனக்கு ஊர் கும்மிடிப்பூண்டி. வேலை ஓஎம்ஆரில் இருக்கும் ஒரு கம்பெனிக்கு, 2020லிருந்து பெரும்பாலும் வீட்டிலிருந்தே. அதற்கு முன்னால் மின்ரயிலில் பொன்னேரி, மீஞ்சூர், எண்ணூர் என்று தினமும் போக வர நான்கு மணி நேரத்துக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. மனைவி தைக்கிறாள். பெண்ணுக்கு ஆறு வயது, பையனுக்கு இரண்டரை. ஆக எங்கள் வீட்டில் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள் இரண்டு பேர். ஆனால் யாராவது போன் பண்ணி என்னைக் கேட்டால், "ஆபீஸ்ல இருக்கான்" என்று அம்மா சொல்வார். நான் அடுத்த அறையில்தான் இருப்பேன். அவளைக் கேட்டால், "வீட்லதான் இருக்கா, இதோ குடுக்கறேன்."

எனக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு மரியாதை. கதவு சாத்தியிருந்தால் அப்பாவுக்கு மீட்டிங், சத்தம் போடக் கூடாது என்பது பேச்சு முழுசாக வராத பையனுக்குக்கூடத் தெரியும். உதட்டில் விரலை வைத்துக்கொண்டு நடப்பான். நாற்காலி வாங்கக் கம்பெனி காசு கொடுத்தது. அவளுடைய மெஷின் ஹாலில், டிவிக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் இருக்கிறது. வெளிச்சம் வேண்டும் என்று வாசல் பக்கமாகப் போட்டது. அதனால் தண்ணி கேன், கேஸ் சிலிண்டர், கூரியர், கீரைக்காரம்மா எல்லோருக்கும் எழுந்து போகிறவளும் அவள்தான். உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் ஸ்டூல்.

போன ஜூன் மாதம் ஒரு வாரம் அவள் வேலையைக் கணக்கெடுத்தேன். ஐடி ஆள், எதற்கெடுத்தாலும் எக்செல் திறக்கிற கெட்ட பழக்கம். அந்த வாரம் லைனிங் பிளவுஸ் 4, சாதா பிளவுஸ் 2, புடவைக்கு ஃபால்ஸ் அடித்தது 5, பள்ளிக்கூட யூனிஃபார்ம் ஆல்ட்டரேஷன் 9. லைனிங்குக்கு 280 ரூபாய், சாதாவுக்கு 130, ஃபால்ஸ் 60, யூனிஃபார்முக்கு 30. மொத்தம் 1,950. நூல், ஊக்கு, லைனிங் துணி, உடைந்த ஊசி என்று 380 போனால் கையில் நிற்பது 1,570. கட்டிங், தையல், ஹெம்மிங் எல்லாம் சேர்த்து 41 மணி நேரம். மணிக்கு 38 ரூபாய். கரண்ட் பில்லை நான் சேர்க்கவில்லை, அதையும் கழித்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

காசைவிட இன்னொரு எண்தான் என்னை உட்கார வைத்தது. அந்த 41 மணி நேரம் 163 துண்டாக இருந்தது. ஒரு நாளைக்கு 23 தடவை உட்கார்ந்து, 23 தடவை எழுந்திருக்கிறாள். பால் பொங்குகிறது, பையனுக்கு ஆய் கழுவ வேண்டும், அத்தை மாத்திரை கேட்கிறார், அக்கா தம்பி சண்டை, மறுபடி பால். தடையில்லாமல் தைத்த ஆக நீளமான நேரம் 52 நிமிடம், அதுவும் ராத்திரி பதினோரு மணிக்கு மேல். எங்கள் துறையில் இதற்கு கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் என்று பெயர். ஒரு வேலையில் மூழ்கியிருக்கிறவனை எழுப்பினால் திரும்ப மூழ்க எவ்வளவு நேரம் ஆகும், அதனால் கம்பெனிக்கு எவ்வளவு நஷ்டம் என்று ஸ்லைடு போட்டு வகுப்பெடுப்பார்கள். வகுப்பு நடக்கும்போது கதவு சாத்தியிருக்கும். வெளியே ஒருத்தி கைக்குழி வளைவில் பாதியில் மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து போயிருப்பாள். திரும்பி வந்தால் துணி நகர்ந்திருக்கும், பிரித்துத் திரும்ப அடிக்க வேண்டும். பிரிக்கிற நேரத்துக்கு யாரும் காசு கொடுப்பதில்லை.

கணக்கெடுக்க ஆரம்பித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பள்ளி திறக்கிற சமயம். அரசுப் பள்ளிகளில் இலவசமாக வருடத்துக்கு 4 செட் யூனிஃபார்ம் கொடுக்கிறார்கள். 1985இல் எம்.ஜி.ஆர். காலத்தில் ஆரம்பித்த திட்டம். அதைத் தைத்துக் கொடுப்பவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள், அவர்களிலும் பலர் வீட்டில் வைத்துத் தைப்பவர்கள். எங்கேயோ ஒரு ஹாலில் தைத்த சட்டை, இடுப்பு பெரிசு, தோள் இறக்கம் என்று எங்கள் ஹாலுக்கு வரும். அப்படி வந்த ஒரு பாவாடைக்கு மடிப்பு வைத்துக்கொண்டிருந்தாள். மெஷினில் மோட்டார் பூட்டியது, மிதித்தால் நிற்காமல் ஓடும். பின்னால் பையன் எதன் மேலேயோ ஏறி விழுந்து வீரிட்டிருக்கிறான். தலையைத் திருப்பினாள், காலை எடுக்கவில்லை. ஊசி ஆள்காட்டி விரல் நகத்துக்குள் போய் உள்ளேயே முறிந்துவிட்டது.

நான் அப்போது மீட்டிங்கில் இருந்தேன். பேசவில்லை, மியூட்டில் இருந்தேன், அடுத்தவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பதினெட்டு நிமிடம் கழித்துக் கதவைத் திறந்தால், விரலில் லைனிங் துணியைச் சுற்றிக்கொண்டு, மடியில் பையனை வைத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தாள். பெண்தான் சொன்னாள்: "அம்மாக்கு ரத்தம். நான் தட்டறேன்னு சொன்னேன், அப்பா மீட்டிங்ல இருக்காரு வேணாம்னு சொல்லிட்டாங்க." ஊசியை எடுத்து, டிடி ஊசி போட்டுக்கொண்டு வருகிற வழியில் பைக்கின் பின்னாலிருந்து அவள் கேட்டது, "என்னங்க, நாளைக்கு அந்தப் பாவாட குடுக்கணும்ல?"

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். "வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்கலாம்." தையல் வகுப்பு நோட்டீஸில், கடன் மேளாவில், சொந்தக்காரர்கள் வாயில் எல்லாம் இதுதான். கூடவே ஒரு ஒட்டு: "கொழந்தைங்களயும் பாத்துக்கலாம்." இரண்டு முழு வேலையைக் கூட்டி ஒரு அரை வேலை என்று பெயர் வைக்கிற கணக்கு இது. தமிழ்நாடு அரசு சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் இலவசத் தையல் இயந்திரம் தருகிறது. கணவனை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைப் பெண்கள் வாங்கலாம். நல்ல திட்டம். அந்த மெஷினால் நிமிர்ந்த குடும்பங்களை எனக்கு நேரில் தெரியும், அதைக் குறை சொல்ல வரவில்லை. ஆனால் வயது வரம்பைப் பாருங்கள்: 20 முதல் 40. பிள்ளை பெற்று, இடுப்பில் தூக்கி, பள்ளிக்கு அனுப்பி முடிக்கிற வயது. மெஷின் கொடுக்கிற நமக்கு, அவள் மிதிக்கும்போது பிள்ளையை யார் பிடித்துக்கொள்வது என்ற கேள்வியே வருவதில்லை. பதில் தெரியும் என்பதால்தான் வருவதில்லை.

2019இல் எடுத்த தேசிய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு ஒரு நாளைக்குச் செலவிட்டது 299 நிமிடம். ஆண்கள் 97 நிமிடம், அதுவும் செய்கிற ஆண்களின் கணக்கு. நான்கில் மூன்று ஆண்கள் அன்றைக்கு எதையும் தொடவேயில்லை.

எங்கள் ஊருக்கு வாருங்கள். சிப்காட்டில் இரும்பு உருக்கு ஆலை தொடங்கி வரிசையாகக் கம்பெனிகள். காலை ஆறு மணி ஷிப்டுக்குக் கம்பெனி பஸ்கள் ஐந்தரைக்கே ஓடுகின்றன. எங்கள் தெருவில் ஐடிஐ, டிப்ளமோ படித்த பெண்கள் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன்னால் அந்த பஸ்ஸில் போனவர்கள்தான். முதல் பிள்ளையோடு நின்றுவிடுகிறார்கள். பிறகு ஒரு மெஷின் வாங்குகிறார்கள். எங்கள் தெருவில் மட்டும் வாசலில் ‘இங்கு பிளவுஸ் தைத்துத் தரப்படும்’ என்று அட்டை தொங்கும் வீடுகள் ஐந்து. ஐந்து பேருக்கும் தையல் மேல் திடீரென்று ஒரே நேரத்தில் ஆசை வந்துவிட்டதா என்ன? ஐந்து பேரும் ஒருவரோடு ஒருவர் போட்டி போட்டு 280க்கு மேல் ஏற்ற முடியாமல் நிற்கிறார்கள். கும்மிடிப்பூண்டியில் பிளவுஸ் மலிவாக இருப்பதற்குக் காரணம் ஆலைகளில் தொட்டில் இல்லாததுதான்.

சட்டத்தில் தொட்டில் உண்டு. 1948ஆம் ஆண்டு தொழிற்சாலைச் சட்டத்தின் 48ஆவது பிரிவு, ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காப்பகம் வைக்கச் சொன்னது, 30 பெண்களுக்கு மேல் வேலை பார்க்கும் ஆலைகளில். அந்தக் கணக்கின் சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். ஐந்நூறு ஆண்களும் இருபது பெண்களும் இருந்தால் காப்பகம் வேண்டாம். ஐந்நூறு அப்பன்களுக்குப் பிள்ளையே கிடையாது. முப்பதோடு நிறுத்திக்கொண்டால் செலவும் மிச்சம். 69 வருடம் கழித்து, 2017இன் மகப்பேறு பயன் சட்டத் திருத்தம்தான் 50 ஊழியர்கள் இருந்தால் போதும் என்று ஆண்களையும் எண்ணிக்கையில் சேர்த்தது. அதிலும் ஒரு நாளைக்கு நான்கு தடவை பிள்ளையைப் போய்ப் பார்க்கும் உரிமை பெண்ணுக்குத்தான். உண்மையாக வேலை செய்வது அங்கன்வாடி ஒன்று. இரண்டு வயதிலிருந்து எடுத்துக்கொள்கிறார்கள், சோறும் முட்டையும் தருகிறார்கள். ஆனால் ஆறு மணி ஷிப்டுக்குப் போகிறவளுக்கு அது திறந்திருக்காது.

சரி, வீட்டு வேலைக்காவது பாதுகாப்பு உண்டா? வீட்டிலிருந்து கம்பெனிகளுக்கு உற்பத்தி செய்கிறவர்களுக்கும் மற்றத் தொழிலாளர்களைப் போல உரிமை வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996இல் ஓர் உடன்படிக்கை போட்டது, எண் 177. இந்தியா இதுவரை ஏற்கவில்லை. என் மனைவிக்கு அது நேரடியாகப் பொருந்தாது, அவளுக்கு முதலாளி இல்லை. தெருவே முதலாளி.

இதையெல்லாம் அன்பு என்று சொல்லி மூடுகிற வேலையைப் பெரிய மனிதர்களே செய்திருக்கிறார்கள். இயந்திரங்களைச் சந்தேகப்பட்ட காந்தி, 1924இல் தையல் மெஷினுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துச் சிரமப்படுவதைப் பார்த்து, அவள் மேலுள்ள அன்பினால் சிங்கர் அதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். 1851இல் காப்புரிமை வாங்கிய ஐசக் சிங்கர், ஒரே சமயத்தில் பல பெண்களோடு குடும்பம் நடத்தி, எண்ணி முடிக்கச் சிரமமான அளவுக்குப் பிள்ளை பெற்ற நாடகக்காரர். மெஷினைத் தவணையில் விற்று நன்றாகச் சம்பாதித்தார். காந்தி ஏமாந்ததில் எனக்கு வருத்தம் இல்லை. நூறு வருடம் கழித்தும் நாம் அதே கதையை அம்மா மேல் போர்த்தி எழுதிக்கொண்டிருக்கிறோம் என்பதில்தான்.

"அவங்களுக்குத் தைக்கப் பிடிக்கும் சார், உங்களுக்கு என்ன?" என்று கேட்பீர்கள். பிடிக்கும். பெண் பிறந்தபோது என் பழைய எட்டு முழ வேட்டியைக் கிழித்துத் துணி மடித்து வைத்தவள். கூறைப்புடவைக் கரையை வெட்டிக் குட்டிப் பாவாடை தைத்து, இடுப்பில் வளர்த்திக்கு இரண்டு இன்ச் உள்ளே விட்டு, வருடா வருடம் பிரித்துவிட்டு நான்கு வயது வரை போட்டாள். உள்ளே விட்ட துணி வெயில் படாமல் புதுசாக இருப்பதைக் காட்டி, "பாருங்க, இதான் நெஜக் கலர்" என்று சிரித்தாள். அந்தச் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை. ஆர்டர் எடுக்க ஆரம்பித்ததும் முதலில் காணாமல் போனதே அதுதான். பெண்ணுக்கு வெட்டி வைத்த ஃப்ராக் துணி பிப்ரவரியிலிருந்து பையிலேயே கிடக்கிறது. குழந்தை வளர்ந்துவிட்டாள், இனி அந்த அளவு சரிவராது. ‘கையால் தைத்தது’ என்று ரீல்ஸ் போட்டு, கடைத் துணி வேண்டாம், நிதானமாக வாழ்வோம் என்று சொல்கிற நண்பர்களுக்கு: நிதானம் நல்லதுதான், எங்கள் ஹாலுக்கும் கொஞ்சம் அனுப்புங்கள்.

இப்போது மெஷின் என் அறையில் இருக்கிறது. நான் ஹாலில். காலை பத்திலிருந்து ஒன்று வரை அவள் கதவு சாத்தியிருக்கும். கீரை, கேன், சிலிண்டர் எனக்கு. மீட்டிங்கில் பையன் தலை தெரிகிறது என்று மேனேஜர் இரண்டு தடவை சிரித்தார், மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. ரிலீஸ் வாரம் வந்தால் மதியம் நான் சத்தமில்லாமல் பழையபடி உள்ளே போய்விடுகிறேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இந்த மாதத்தில் நான்கு நாள் அப்படி நடந்திருக்கிறது, அவள் நோட்டில் தேதி போட்டு வைத்திருக்கிறாள். லைனிங் பிளவுஸை 350 ஆக்கினாள். மூன்று பேர் அடுத்த அட்டைக்குப் போய்விட்டார்கள். போன செவ்வாய்க்கிழமை ஒரு அக்கா வாசலில் நின்று, "ஏன் தம்பி, அவ வீட்லதானே தைக்கிற, கடை வாடகையா கட்றீங்க, கொஞ்சம் கொறச்சுக்கச் சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் கேட்டார். "வேலையில இருக்காங்க, ஒரு மணிக்கு வாங்கக்கா" என்றேன். அவர் என்னையும் என் இடுப்பில் இருந்த பையனையும் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, உள்ளே இருந்த அம்மாவிடம், "வேலையா? அவ ஊட்ல இல்லியா?" என்றார்.