சர்வருக்குக் கர்னலுக்குள் என்ன வேலை?

நெட்வொர்க் கோப்பு முறைமை, இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் இருந்தால்தான் உருப்படும், வெளியே இருப்பவை பொம்மைகள் என்கிறார் நண்பர். 2011-இல் லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். அதே ஆண்டு, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்த ஆனந்த் பாபு பெரியசாமி இணைந்து தொடங்கிய க்ளஸ்டர் நிறுவனத்தை ரெட் ஹாட் சுமார் 13.6 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. ஃப்யூஸ் என்ற கர்னல் பாலம் நீங்கலாக, அந்த நிறுவனத்தின் கோப்பு முறைமையான க்ளஸ்டர்எஃப்எஸ் ஓடியது கர்னலுக்கு வெளியே, யூசர்ஸ்பேஸில். பொம்மைக்கு நல்ல விலைதான்!

யூசர்ஸ்பேஸில் வேகக் குறைவு உண்மை. குட்டிக் கோப்புகள் ஆயிரக்கணக்கில் இருந்தால் கர்னலுக்கும் யூசர்ஸ்பேஸுக்கும் இடையே போய்வரும் செலவு தெரியும். ஆனால் ஓர் ஆடிட்டர் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம்: நாலு கம்ப்யூட்டர், பொதுவில் டேலி கோப்புகள். அங்கே இழுப்பது பழைய ஹார்டு டிஸ்க், யூசர்ஸ்பேஸ் அல்ல.

2021-இல் லினக்ஸ் கர்னல் 5.15-க்குள் கேஎஸ்எம்பிடி என்ற கோப்புப் பகிர்வு சர்வரைச் சேர்த்தார்கள். 2022 டிசம்பரில் அதன் ஓட்டை அம்பலமானது: லாகின்கூட இல்லாமல், தொலைவிலிருந்தே கர்னலில் கட்டளை ஓட்டலாம். அபாய மதிப்பு பத்துக்குப் பத்து. அதே வேலையை யூசர்ஸ்பேஸில் செய்யும் சாம்பாவுக்கு அந்தத் தலைவலி இல்லை. சாம்பா விழுந்தால் அதை மட்டும் திரும்ப ஓட்டலாம். கர்னல் விழுந்தால் மொத்த மெஷினும் படுத்துவிடும்.

என்எஃப்எஸ் என்ற நெட்வொர்க் கோப்பு முறைமையின் க்ளையண்ட் கர்னலிலேயே இருக்கட்டும், கோப்புகளை நினைவகத்தில் வைத்திருக்கும் பேஜ் கேஷ் அங்கேதான் இருக்கிறது. வெளியாள் அனுப்பும் பாக்கெட்டைப் பிரித்துப் படிக்கும் சர்வரை எதற்கு உள்ளே கூப்பிடுகிறார் நண்பர்?