தலயாத்திரையும் சாதிச் சுற்றமும்

கோயிலுக்குச் செல்வதை நாம் எதிர்க்கவில்லை. குடும்பம் குடும்பமாகச் செல்வதையும் எதிர்க்கவில்லை. உழைத்துக் களைத்த மனிதன் தாய் தந்தையரோடும் மைத்துனர் மருமக்களோடும் ஒரு நாளைக் கழிக்க விரும்பினால், அவன் போகக்கூடிய இடங்களுள் கோயிலும் ஒன்று. நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. கூட்டமாகப் புறப்படும் அந்தச் சுற்றத்தின் எல்லையை வகுத்தவர் யார்? அந்த எல்லைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் யார்?

வெள்ளவத்தையின் வசதி படைத்த தமிழ்க் குடும்பங்கள் சில இன்று யப்பான்வரை தலயாத்திரை போகின்றன. கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் உறவினர் வந்து சேர்கின்றனர். கியோத்தோவின் கியோமிசு கோயில், நாரா நகரின் பெரும் புத்தர், தோக்கியோவின் அசாகுசா என்று நீள்கிறது பயணம். திரும்பி வந்தோர் வியந்து பேசுகின்றனர்: வாயிலில் கைகழுவ நீர்த்தொட்டி இருக்கிறதாம், முற்றத்தில் ஒரு சருகும் கிடையாதாம். அனைத்திலும் மேலாக, நம்முடைய தெய்வங்களே அங்கு வீற்றிருக்கின்றனவாம்! சரஸ்வதி அங்கே பென்சாய்தென்; பிள்ளையார் கங்கிதென்; இந்திரன் தைசாகுதென். பௌத்தத்தோடு சீனம் கடந்து சென்ற தெய்வங்கள் அவை. இது மெய்யான வரலாறு, மகிழ்வதற்குரியதுந்தான்.

ஆனால் அந்த யாத்திரிகர் குறிப்பிட மறந்த செய்தி ஒன்றுண்டு. அசாகுசாவின் பெருவாயிலில் எவரும் அவர்களை மறித்து, “ஊரில் எவ்விடம்? எந்தக் கோயிலடி?” என்று கேட்கவில்லை.

இந்தக் கேள்வியின் பொருளை யாழ்ப்பாணத்தார்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை. வெள்ளவத்தையில் அடுத்த வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவரிடம் முதல் நாள் ஊர் கேட்கப்படுகிறது. இரண்டாம் நாள் குறிச்சி கேட்கப்படுகிறது. மூன்றாம் நாள் அருகிலுள்ள கோயில் கேட்கப்படுகிறது. கேட்பவர் அறிய விரும்புவது இறைவனின் திருநாமத்தையல்ல. வந்தவர் “எங்கட ஆக்களா” என்பதையே. இறைவன் உறையும் இடம் என்று சொல்லப்படுவது, மனிதனின் பிறப்பைத் துருவும் அடையாளக் கல்லாக நட்டு வைக்கப்பட்டிருக்கிறது. இதைக் காட்டிலும் கோயிலுக்குச் செய்யும் அவமதிப்பு வேறென்ன உண்டு?

சட்டம் இல்லாமலில்லை. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957ஆம் ஆண்டிலேயே நிறைவேறிவிட்டது. அதற்குப் பதினோராண்டுகள் கழித்து, 1968இல், மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாயிலில் தாழ்த்தப்பட்ட மக்கள் சத்தியாக்கிரகம் இருக்க வேண்டியிருந்தது. வழிமறிக்க முன்னின்றவர் எழுத்தறியாத பாமரரா? கணிதப் பேராசிரியராகவும் நாட்டின் அமைச்சராகவும் இருந்த சி. சுந்தரலிங்கம் அவர்கள்! கல்வி பெருகினால் சாதி தானே கரைந்துவிடும் என்று நம்பும் ஆசிரிய நண்பர்கள் இந்த ஒரு செய்தியை நெஞ்சில் எழுதிக்கொள்வார்களாக.

கொழும்புக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கப்படலாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் திரும்பிப் பாருங்கள். கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் காட்டாமல் எந்த உறவினரையும் நாம் ஊருக்கு அனுப்புவதில்லை. 1857இல் பொன்னம்பல முதலியார் தோற்றுவித்த அந்த ஆலயத்தை, அவர் மைந்தர் சேர் பொன்னம்பலம் இராமநாதன் இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் கருங்கற் கோயிலாக எடுப்பித்தார். அந்தத் தூண்களின் அழகை மறுப்போர் இலர். ஆயினும் அதே இராமநாதன்தான், டொனமூர் ஆணைக்குழு 1928இல் விதந்துரைத்த சர்வசன வாக்குரிமையை முழு மூச்சோடு எதிர்த்தவர். தூணைச் சுமந்த தோளுக்கு வாக்குச் சீட்டைத் தாங்கும் தகுதி இல்லையாம்! அவர் எதிர்ப்பையும் மீறி 1931இல் அந்த உரிமை வந்தது. சிற்பத்தை வியப்பவர்கள் இந்த வரலாற்றையும் தம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா?

பொன்னம்பலவாணர் என்பது தில்லைக் கூத்தனின் திருப்பெயர். அந்தத் தில்லைக்குள் நுழையும் முன் நந்தனார் தீயில் மூழ்கி எழ வேண்டியிருந்தது என்று பெரியபுராணம் கூறுகிறது. இன்று அவர் அறுபத்துமூவர் வரிசையில் நிற்கிறார். நாம் சுற்றத்தோடு வலம்வந்து அவரையும் கும்பிடுகிறோம். கல்லாய் நிற்கும் நந்தனாருக்குக் கற்பூரம், அவர் குலத்தில் பிறந்து உயிரோடு நிற்பவனுக்கு, “எந்தக் கோயிலடி?” என்ற கேள்வி!

அதே கொச்சிக்கடையில் புனித அந்தோனியார் திருத்தலம் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் சைவரும் பௌத்தரும் கத்தோலிக்கரோடு சேர்ந்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். 2019 ஏப்ரல் 21ஆம் நாள் அங்கே குண்டு வெடித்தபோது, மாண்டவர் எந்தக் குறிச்சியார் என்று மரணம் விசாரிக்கவில்லை. துறைமுகத் தொழிலாளியும் கடைச் சிப்பந்தியும் வெள்ளவத்தைக் கனவானும் அங்கு ஒரே வரிசையில் நிற்க முடிகிறது. செவ்வாய்க்கிழமை நின்ற வரிசை, ஞாயிற்றுக்கிழமை திருமணப் பேச்சில் ஏன் கலைந்துவிடுகிறது?

இனி யப்பானுக்கு வருவோம். அந்த நாட்டைச் சாதியற்ற சொர்க்கமாகக் காட்டுவது நம் நோக்கமன்று. தோல் பதனிடுவோர், விலங்கறுப்போர், பிணத் தொழில் செய்வோர் ஆகியோரை அந்தச் சமுதாயமும் தீட்டுடையோர் என்று ஒதுக்கியது. புராகுமின் என்று பின்னர் அழைக்கப்பட்ட அம்மக்களின் தாழ்நிலையை 1871இல் அரசாணை சட்டப்படி நீக்கியது. வாழ்க்கையில் அது நீங்கவில்லை. 1922இல் அவர்கள் தங்கள் விடுதலைக்கெனச் சமநிலைச் சங்கத்தைத் தொடங்கியது நம் யாத்திரிகர் வியந்து திரும்பும் அதே கியோத்தோ நகரில்தான். அங்கும் கோயில் இந்தக் கொடுமைக்குத் துணைநின்றது. இறந்தவர்க்குப் பௌத்த குருமார் சூட்டும் பெயரில், புராகுமின் மக்களுக்கு மட்டும் விலங்கு, இழிந்தோன் என்று பொருள்படும் எழுத்துக்களைச் சேர்த்துக் கல்லறையிலும் பொறித்தனர். இறந்தோர் பெயர் எழுதிய கோயிற் பதிவேடுகள், மணம் பேசுவோர் குலம் துருவும் கருவிகளாயின. “எந்தக் கோயிலடி?” என்ற கேள்வி யப்பானிய மொழியிலும் இருந்திருக்கிறது!

ஆனால் அதன் பின் நடந்ததே நமக்குப் பாடம். 1979இல் பிரின்ஸ்டனில் கூடிய உலக சமய சமாதான மாநாட்டில், சோதோ சென் பிரிவின் தலைவர் ஒருவர், யப்பானில் அத்தகைய பாகுபாடே இல்லை என்று சாதித்தார். ஒடுக்கப்பட்ட மக்களின் இயக்கம் அவரை விட்டுவைக்கவில்லை. கேள்விமேற் கேள்வி கேட்டது. இறுதியில் அந்த மதப் பிரிவு தன் குற்றத்தை ஒப்புக்கொண்டது. தன் கோயில்களின் பதிவேடுகளையும் கல்லறைகளையும் ஆராய்ந்தது. இழிபெயர்களை மாற்ற முற்பட்டது. குருமாரின் கருணையால் விளைந்த மாற்றமன்று இது. போராட்டம் பறித்தெடுத்த ஒப்புதல்.

நம் கோயில்களின் தருமகர்த்தாக்களுள் எத்தனை பேர் இவ்வாறு ஏடு திறந்தனர்? வாயிலை மூடிய நாட்களுக்காக எத்தனை ஆலயங்கள் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டன?

“யுத்தம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, சாதியும் அழிந்துபோயிற்று, ஆறிய புண்ணை ஏன் கிளறுகிறீர்கள்?” என்பார் உளர். ஒரே பதுங்குகுழியில் கிடந்தபோது சாதி பேசாதவர், 2009க்குப் பின் ஊர் திரும்பியதும் குறிச்சி கேட்கத் தொடங்கினாரென்றால், புண் ஆறவில்லை, மூடப்பட்டிருக்கிறது என்பதே பொருள். ஒரே இனம் என்று பேரினவாதத்திற்கு எதிராக முழங்குகிறோம். ஒரே சுற்றம் என்று சொல்ல மட்டும் நா எழவில்லை. உள்ளுக்குள் படிக்கட்டு வைத்துக்கொண்டு வெளியாரிடம் சமத்துவம் கோரும் உரிமை எவருக்கும் இல்லை.

ஆசிரியர்களே, மாணவர்களே! உங்கள் ஊர்க் கோயிலின் கதவு எந்த ஆண்டில், யாருடைய போராட்டத்தால், யாருக்குத் திறந்தது என்பதை முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். அதன் பரிபாலன சபையில் இன்று யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்பதையும் எழுதுங்கள். வீட்டில் திருமணப் பேச்சு எழும்போது, “எந்தக் கோயிலடி?” என்ற கேள்வியை உங்கள் பெயரால் எவரும் கேட்க இடங்கொடாதீர்கள்.

கியோத்தோவுக்குப் போகிறவர்கள் தாராளமாகப் போகட்டும், கதிர்காமத்துக்கும் போகட்டும். ஆனால் சாதியைத் துருவும் கேள்வி நம் நாவிலிருந்து ஒழியும்வரை, எத்தனை தலங்களை மிதித்தாலும் நாம் கோயிலின் வெளிவீதியைத் தாண்டியவர்கள் ஆகமாட்டோம்.