மஞ்சள் பாலும் மறதி நோயும்



சென்ற வாரம் அறிவியல் பாடம் முடிந்ததும் ஆறாம் ஆண்டு மாணவி ஒருத்தி, "ஐயா, மஞ்சள் பால் குடித்தால் பாட்டியின் மறதி நோய் போய்விடுமா?" என்று கேட்டாள். புலனத்தில் வந்த செய்தியை நம்பி, மருத்துவர் கொடுத்த மாத்திரைகளை வீட்டில் நிறுத்திவிட்டார்களாம்.

அச்செய்தி முழுப் பொய்யன்று. சிக்கலே அதுதான். மூளையில் செய்தி கடத்தும் நரம்பணுக்களோடு, அவற்றைப் பேணும் துணை உயிரணுக்களும் உள்ளன. 1856-இல் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ, பசை என்னும் பொருளில் அவற்றைக் கிளியா என்றார். வெறும் பசையல்ல, நரம்பணுக்களுக்கு ஊட்டமளிப்பவை, கழிவகற்றுபவை, காவல் புரிபவை அவை என்று பின்னர் தெரிந்தது. அல்சைமர் நோயில், காவல் புரியும் மைக்ரோகிளியா ஓயாமல் கிளர்ச்சியுற்று அழற்சியை வளர்க்கிறது; காக்க வேண்டிய நரம்பணுக்களுக்கே ஊறு செய்கிறது. மஞ்சளிலுள்ள குர்குமின் இவ்வழற்சியைத் தணிப்பதை, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களிலும் எலிகளிலும் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

ஆனால், மனித உடல் ஆய்வுக்கூடத் தட்டன்று. குர்குமினைக் குடல் மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. உறிஞ்சியதும் விரைவில் சிதைந்துவிடுகிறது. 2012-இல் வெளியான ஒரு சிற்றாய்வில், அல்சைமர் நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 4 கிராம் வரை 24 வாரங்கள் கொடுத்தும் பயன் தென்படவில்லை.

"முன்னோர் அறிவைப் பழிக்கிறீரா?" எனச் சிலர் கேட்கக்கூடும். இல்லை. ஸ்னோடிராப் என்னும் பூச்செடியில் கண்டறியப்பட்ட கேலண்டமின், 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் மருந்தாக ஏற்கப்பட்டது. அது நோயைப் போக்காது. அறிகுறிகளைச் சற்றே தணிக்கும். தாவரம் மருந்தாகலாம், ஆனால் மனிதரிடம் சோதித்து, அளவை வரையறுத்த பின்னரே ஆகும்.

ஆசிரியர்களே, மருத்துவச் செய்தி எதைக் கண்டாலும் "எதில் சோதித்தார்கள்? உயிரணுவிலா, எலியிலா, மனிதரிலா?" என்று கேட்க மாணவர்களைப் பழக்குவோம். முன்னோர் பெருமை பேசுவதைவிட இக்கேள்வியே அவர்களுக்கு நாம் தரும் நல்ல சொத்து.

பெற்றோர்களே, மஞ்சள் சமையலில் இருக்கட்டும். கடையில் விற்கும் மஞ்சள் மாத்திரைகள் சிலருக்குக் கல்லீரலைப் பாதித்துள்ளன. மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டா.

அம்மாணவியிடம், "பாட்டிக்குப் பால் கொடு அம்மா, மாத்திரையைப் பற்றி மருத்துவரிடம் உடனே பேசுமாறு அப்பாவிடம் சொல்" என்றேன். அன்று மாலை நானும் அவள் தந்தையைத் தொலைபேசியில் அழைத்தேன்.

சிந்திப்போம்.