காலி வண்டியின் கணக்கு

செயலியில் ஆட்டோ பதிவாகி அரை நிமிடம்கூட ஆகியிருக்காது, ஓட்டுநர் கூப்பிடுவார். "சார், எங்க ட்ராப்பு?" அடுத்த கேள்வி, "கேஷா, ஜிபேயா?" இடத்தைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு சின்ன மௌனம். பிறகு, "அங்கேர்ந்து எம்ப்டியாதான் வரணும் சார், அம்பது ரூபா சேத்துக் குடுங்க." மறுத்தால் சவாரி ரத்து. சில நேரம் பேச்சே இருக்காது. வரைபடத்தில் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும்; பயணி சலித்துப்போய் தானே ரத்து செய்யட்டும் என்று காத்திருக்கும்.

சென்னைவாசிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓட்டுநரின் அடாவடி என்று பயணி சொல்கிறார். கம்பெனி அடிக்கும் கொள்ளை என்று ஓட்டுநர் சொல்கிறார். கட்டணம் நிர்ணயிப்பவர்களாகவும், அனுமதி வழங்குபவர்களாகவும், நகரப் போக்குவரத்தைத் திட்டமிடுபவர்களாகவும் இந்தத் துறையில் இருக்கும் நாம் அந்த உரையாடலில் வேறொரு சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டும். அது 'எம்ப்டி'.

காலி ஓட்டம் மூன்று வகை. சவாரி தேடி அலைவது ஒன்று. சவாரி கிடைத்தபின் பயணி நிற்கும் இடத்துக்குப் போவது இரண்டு. அவரை இறக்கிவிட்டு, அடுத்த சவாரி கிடைக்கக்கூடிய இடத்துக்குத் திரும்புவது மூன்று. மூன்றிலும் எரிபொருள் தீர்கிறது, டயர் தேய்கிறது, பொழுது போகிறது. காசு மட்டும் வருவதில்லை. ஸ்டாண்டு ஆட்டோவுக்கும் செயலிக்கும் பயணிக்கும் இடையே பத்தாண்டுக்கும் மேலாக நடக்கும் சண்டையைப் பிரித்துப் பார்த்தால், இந்தக் காலி கிலோமீட்டரை யார் தலையில் கட்டுவது என்ற கேள்விதான் அடியில் கிடக்கிறது. அதற்குப் பதில் சொல்லியிருக்க வேண்டியது நாம். சொல்லாமல் விட்டோம்.

பழைய கணக்கிலிருந்து தொடங்குவோம். 2013 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு சென்னை ஆட்டோக்களுக்கு நிர்ணயித்த கட்டணம்: முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதன்பின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. எட்டு கிலோமீட்டர் சவாரிக்கு மீட்டர் காட்டுவது 99 ரூபாய் 40 காசு. ஏற்றுவதற்கு இரண்டு கிலோமீட்டர், இறக்கிவிட்டுத் திரும்ப நான்கு கிலோமீட்டர் காலியாக ஓடியிருந்தால், வண்டி ஓடிய மொத்தத் தூரம் 14 கிலோமீட்டர். அப்படிப் பார்த்தால் கிலோமீட்டருக்கு ஓட்டுநர் கையில் வருவது ஏழு ரூபாய் சொச்சம். எரிபொருள், பழுதுச் செலவு, எஃப்.சி., இன்சூரன்ஸ், வண்டி சொந்தமில்லையென்றால் தினவாடகை எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். அந்த ஆணை வந்தபோது சென்னையில் பெட்ரோல் லிட்டர் எழுபது ரூபாய்க்குச் சற்று மேல் விற்றது. பிறகு நூறைத் தாண்டியது. ஆணை மட்டும் பத்தாண்டுக்கும் மேலாக நின்ற இடத்தில் நின்றது.

ஆகவே மீட்டர் மூடப்பட்டது, பேரம் திறந்துகொண்டது. 'மீட்டருக்கு மேல இருபது' என்பதும் 'ரிட்டர்ன் காலியா வரணும்' என்பதும் ஆணை எழுதாமல் விட்ட வரியை ஓட்டுநர்கள் வாய்மொழியாக எழுதிக்கொண்டதுதான். இதைச் சொல்வதால் அதை நியாயப்படுத்துவதாக ஆகாது. பேரத்தில் தோற்பவர் எப்போதும் வலுவில்லாதவரே. ஊருக்குப் புதியவர், மூட்டையோடு நிற்பவர், மழையில் மாட்டிக்கொண்டவர், இரவு பத்து மணிக்குத் தனியாக நிற்கும் பெண் ஆகியோர் கொடுத்தது காலி ஓட்டத்தின் செலவைவிட மிக அதிகம்.

மீட்டர் கட்டணம் உறைந்த அதே 2013-ல்தான் ஊபர் இந்தியாவுக்கு வந்தது. ஓலா அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. இது தற்செயல்தான். ஆனால் செயலிகள் ஏன் அவ்வளவு விரைவாக இடம்பிடித்தன என்பதை இந்தத் தற்செயல் ஓரளவு விளக்குகிறது. பொது அதிகாரம் விலையைக் கைவிட்ட இடத்தில், விலை சொல்ல ஒருவர் வந்து நின்றார். பயணிக்குக் கிடைத்த நன்மைகளைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஏறும் முன்பே தொகை தெரிந்தது. ஓட்டுநரின் பெயரும் வண்டி எண்ணும் பதிவாயின. போகும் வழியை வீட்டாருக்கு அனுப்ப முடிந்தது. மொழி தெரியாதவரும் வழி தெரியாதவரும் ஏமாறாமல் போய்ச் சேர முடிந்தது. பேரத்தில் தோற்றுக்கொண்டே இருந்தவர்களுக்கு இது பெரிய விடுதலை.

ஓட்டுநர்களுக்கும் தொடக்கம் இனித்தது. முதலீட்டாளர் பணத்தில் ஊக்கத்தொகை கொட்டியது. அதை நம்பிக் கடன் வாங்கிக் கார் எடுத்தவர்கள் ஏராளம். ஊக்கத்தொகை குறைந்தது, மாதத் தவணை குறையவில்லை. 2017 பிப்ரவரியில் டெல்லியிலும் பெங்களூருவிலும் நடந்த வேலைநிறுத்தங்கள் அந்த இடைவெளியில் பிறந்தவை. ஸ்டாண்டில் நின்றவருக்கு நேர்ந்தது வேறு மாதிரியான இழப்பு. வரிசை முறையும், ஸ்டாண்டுக்குள் இருந்த கட்டுப்பாடும், எந்தச் சந்து எந்த நேரத்தில் அடைக்கும் என்ற அறிவும் பல ஆண்டுகளில் சேர்ந்த சொத்து. வரைபடம் காட்டும் அம்புக்குறி அந்த அறிவுக்கு விலையில்லாமல் செய்தது.

காலி ஓட்டம் என்ன ஆயிற்று? நேர்மையாகச் சொன்னால், முதல் வகையைச் செயலி ஓரளவு குறைத்தது. அருகில் இருக்கும் பயணியையும் வண்டியையும் சேர்த்துவைப்பதில் அது ஸ்டாண்டைவிடத் திறமையானது. ஆனால் 'மூன்று நிமிடத்தில் வண்டி' என்று பயணிக்கு வாக்குக் கொடுக்க வேண்டுமென்றால், தெருவெங்கும் வண்டிகள் சும்மா நின்றாக வேண்டும். சும்மா நிற்கும் வண்டியால் நிறுவனத்துக்குச் செலவில்லை. அதனால் வண்டிகள் பெருகப் பெருக நிறுவனத்துக்கு லாபம், ஓட்டுநருக்குக் காத்திருப்பு. மூன்றாவது வகையான திரும்பி வரும் ஓட்டத்தைச் செயலி கணக்கிலேயே எடுக்கவில்லை. இறங்கும் இடத்தை ஓட்டுநரிடமிருந்து மறைத்துவைத்தது. பேரம் ஒழிந்தது, பேரத்தின் காரணம் ஒழியவில்லை. அதுதான் தொலைபேசி அழைப்பாகவும், ரத்தாகவும், நகராத வண்டியாகவும் திரும்பி வந்தது. 2021 இறுதியில் ஓலாவும் மறு ஆண்டு ஊபரும் இறங்கும் இடத்தை முன்கூட்டியே காட்டத் தொடங்கின. இடம் தெரிந்தபின், திரும்பி வரச் சவாரி கிடைக்காத பகுதிகள் வெளிப்படையாகவே ஒதுக்கப்பட்டன. பயணியின் 'கேன்சல்' புகாரும் ஓட்டுநரின் 'கட்டுப்படியாகல' புகாரும் ஒரே கிலோமீட்டரைப் பற்றியவை.

அடுத்த திருப்பம் கமிஷன் இல்லாத முறை. 2022 நவம்பரில் பெங்களூருவில் தொடங்கிய நம்ம யாத்ரி, கமிஷனை விட்டுவிட்டு ஒரு நாளுக்கு இவ்வளவு என்ற சந்தாவை வழக்கமாக்கியது. 2025 பிப்ரவரியில் ஊபரும் ஆட்டோவுக்கு அந்த வழிக்கு வந்தது. கமிஷன் போனது ஓட்டுநருக்கு நல்லதே. ஆனால் அதோடு இன்னொன்றும் போனது. திரையில் தெரியும் தொகை வெறும் பரிந்துரை, இறுதித் தொகையைப் பயணியும் ஓட்டுநரும் பேசிக்கொள்ளலாம் என்று நிறுவனமே ஒதுங்கிக்கொண்டது. கட்டணத்துக்குப் பொறுப்பேற்க அரசாணையும் இல்லை, கம்பெனியும் இல்லை. ஒரு பெரிய வட்டம் அடித்து 2013-க்கு முந்தைய தெருமுனைப் பேரத்துக்கே வந்து சேர்ந்திருக்கிறோம், கையில் ஒரு கைபேசியோடு.

பிற ஊர்கள் இந்தக் கிலோமீட்டரை எப்படிக் கையாண்டன? நியூயார்க் நகரம் மிகக் கசப்பான பாடத்துக்குப் பிறகே விழித்தது. 2014-ல் பத்து லட்சம் டாலரைத் தொட்ட மஞ்சள் டாக்சி உரிமத்தின் விலை சரிந்து, கடனில் மூழ்கிய ஓட்டுநர்கள் சிலர் 2018-ல் தற்கொலை செய்துகொண்டனர். அந்த ஆண்டே நகரம் செயலி வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச ஊதியச் சூத்திரத்தில் ஒரு புதிய எண்ணை வைத்தது: ஓட்டுநர் செயலியில் இருக்கும் நேரத்தில் பயணியோடு ஓடும் பங்கு. அன்று அது 58 சதவீதம். ஊதியம் அந்த எண்ணால் வகுக்கப்பட்டதால், வண்டி அதிகம் காலியாக இருந்தால் நிறுவனம் அதிகம் தர வேண்டியதாயிற்று. காலி நேரத்துக்கு முதல் முறையாக ஒரு முதலாளி கிடைத்தார். நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 2024-ல் விகிதத்தை உயர்த்திக் காட்டுவதற்காக, சவாரி குறைந்த நேரங்களில் ஓட்டுநர்களைச் செயலிக்குள் நுழையவிடாமல் பூட்டின. எந்த அளவுகோலையும் ஏய்க்க வழி உண்டு என்பது நமக்கும் எச்சரிக்கை.

பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், ஓட்டுநர் செயலியைத் திறந்துவைத்துச் சவாரி ஏற்கத் தயாராக இருக்கும் நேரமும் வேலை நேரமே என்றது. தீர்ப்புக்குப் பின் ஊபர் குறைந்தபட்ச ஊதியத்தைச் சவாரி ஏற்ற கணத்திலிருந்து மட்டுமே கணக்கிட்டது. காத்திருப்பு மீண்டும் ஓட்டுநரிடமே தங்கிவிட்டது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. கேரளத்தின் ஆட்டோ கட்டண ஆணையில், நகர எல்லைக்கு வெளியே ஒருவழிப் பயணம் என்றால், குறைந்தபட்சக் கட்டணத்துக்கு மேல் வரும் தொகையில் பாதியைச் சேர்த்து வாங்கலாம் என்று எழுதியிருக்கிறது. திரும்பும் காலி ஓட்டத்துக்கு இதைவிட எளிய வரி வேறில்லை. பயணிக்குத் தொகை முன்பே தெரியும். ஓட்டுநர் கெஞ்சவும் வேண்டாம், மிரட்டவும் வேண்டாம். மும்பையில் 2025 பிப்ரவரியிலும் பெங்களூருவில் அதே ஆண்டு ஆகஸ்டிலும் ஆட்டோ கட்டணம் திருத்தப்பட்டது. சென்னையில் அதே பிப்ரவரியில் நடந்தது வேறு. சங்கங்கள் தாங்களாகவே முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பின்னர் கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று அறிவித்தன. அதற்கு அனுமதியில்லை என்றது அரசு. சங்கம் ஆணை போடுகிற நிலைமை வந்தால் அது சங்கத்தின் குற்றம் மட்டும் ஆகுமா?

2025 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட வாகனத் திரட்டிகளுக்கான வழிகாட்டுதல்களையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். காலி ஓட்டத்தை ஈடுகட்ட அடிப்படைக் கட்டணம் குறைந்தது மூன்று கிலோமீட்டருக்கு இருக்க வேண்டும் என்று அது சொல்கிறது. காலி ஓட்டம் என்ற சொல் விதியில் ஏறியதே முன்னேற்றம்தான். ஆனால் இது குறுஞ்சவாரிக்கு மட்டும் உதவும். பன்னிரண்டு கிலோமீட்டர் போய்க் காலியாகத் திரும்புகிறவருக்கு இதில் ஒன்றுமில்லை. அதைவிட முக்கியமானது, அடிப்படைக் கட்டணம் என்பது மாநில அரசு அறிவித்த கட்டணம். கூட்ட நேரத்தில் அதன் இரு மடங்கு வரை வாங்கலாம், மந்த நேரத்தில் பாதி வரை இறக்கலாம். மாநில எண் 12 ரூபாயிலேயே நின்றால், கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய் என்பது சட்டத்துக்கு உட்பட்ட கட்டணமாகிவிடும். அடித்தளம் பழையதானால் மேலே எவ்வளவு நேர்த்தியாகக் கட்டினாலும் சாயும்.

எனவே நம் மேசைக்கு வர வேண்டிய வேலைகள் நான்கு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 67-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தைப் பயன்படுத்தி, எரிபொருள் விலையோடும் வாழ்க்கைச் செலவோடும் பிணைத்த சூத்திரத்தின்படி ஆண்டுதோறும் கட்டணத்தைத் திருத்துவது முதல் வேலை. ஒவ்வொரு முறையும் போராட்டமும் வழக்கும் தேவைப்படக் கூடாது. இரண்டாவது, கேரளத்தைப் போலத் திரும்பும் ஓட்டத்துக்கான வரியை ஆணையிலேயே எழுதுவது. மூன்றாவது, 93-ஆம் பிரிவின்கீழ் உரிமம் பெறும் நிறுவனம் பகுதிவாரியாக, நேரவாரியாகக் காலி ஓட்டத்தின் அளவைத் துறைக்குத் தர வேண்டும் என்று நிபந்தனை விதிப்பது. அந்தத் தரவு அவர்களிடம் நொடிக்கு நொடி இருக்கிறது. நம்மிடம் ஊகம்தான் இருக்கிறது. நான்காவது திட்டமிடுபவர்களின் வேலை: மெட்ரோ நிலையங்களிலும் பேருந்து முனையங்களிலும் ஏற்றும் இடமும் வரிசையும் ஒழுங்காக அமைத்து, காலி ஓட்டத்தையே குறைப்பது. செலவைப் பங்கிடுவதைவிட ஒழிப்பது மேல்.

கட்டணம் உயர்ந்தால் பயணி பேருந்துக்கோ இருசக்கர வாகனத்துக்கோ போய்விடுவார், நட்டம் ஓட்டுநருக்கே என்பார்கள். அந்த அச்சம் உண்மையானது. ஆனால் இன்று பயணி கொடுப்பது 2013-ஆம் ஆண்டுக் கட்டணம் அல்ல. அந்த ஐம்பது ரூபாயை அவர் ஏற்கெனவே கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறார், ரசீது இல்லாமல், மனக்கசப்போடு. ஆணையில் எழுதினால் தொகை கூடும் என்பதைவிட, எல்லோருக்கும் ஒரே தொகை ஆகும் என்பதே சரி.

கிளாம்பாக்கம் முனையத்தில் விடியற்காலை நாலரை மணிக்குத் தென்மாவட்டப் பேருந்துகள் அடுத்தடுத்து வந்து இறக்குகின்றன. பயணிகள் எல்லோரும் நகரத்துப் பக்கம் போக வேண்டியவர்கள். அந்த நேரத்தில் நகரத்திலிருந்து கிளாம்பாக்கம் வர ஆளில்லை. முதல் சவாரியை இறக்கிய ஆட்டோ மறுபடி அங்கு வர வேண்டுமென்றால் காலியாகத்தான் வர வேண்டும். அந்தத் தூரத்துக்கு இன்றைய ஆணையில் ஒரு வரியும் இல்லை. அதனால் அங்கே நிற்கும் ஓட்டுநர் ஒரு தொகை கேட்கிறார், தூக்கக் கலக்கத்தில் பெட்டியோடு நிற்கும் பெண் ஒரு தொகை சொல்கிறார், பக்கத்தில் கைபேசித் திரை மூன்றாவது தொகை காட்டுகிறது. நான்காவதாக ஒரு தொகை இருந்திருக்க வேண்டும். அதை எழுதுவது நம் வேலை.