கைப்பிடிக் கிராதியும் கணினி வரைபடமும்

ஒரு கட்டடத்தின் தூண்களை நாம் தொடுவதில்லை. உத்தரங்களை நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை. ஆனால் மாடிப்படியின் ஓரமாக ஓடும் கைப்பிடிக் கிராதியை, மூட்டுவலியோடு ஒவ்வொரு படியாக இறங்கும் மூதாட்டியும், இடுப்பில் குழந்தையோடு ஏறும் தாயும், மின்சாரம் போன இரவில் இருட்டைத் துழாவிக்கொண்டு வரும் இளைஞனும் நாள்தோறும் பற்றுகிறார்கள். அப்படிப்பட்ட ஓர் உறுப்பை இன்றைய கட்டட வரைவு மென்பொருள்களில் எவ்வளவு சிரத்தையோடு உருவாக்குகிறோம் என்ற கேள்வி, கட்டடக் கலைஞர்கள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளும் தொழில் விஷயம் மட்டும் அன்று. வீடு வாங்குகிறவர்களும், வாடகைக்குக் குடியிருப்பவர்களும், வரைபடத்துக்கு அனுமதி வழங்கும் அதிகாரிகளும் சேர்ந்து ஆலோசிக்கவேண்டிய பொது விஷயம் என்பது என் அபிப்பிராயம்.

வரைபலகையில் தாளை விரித்து, பென்சிலால் ஒவ்வொரு கோடாக இழுத்த காலத்தில், கைப்பிடியை வரைகிறவர் அதன் உயரத்தையும் சாய்வையும் தாமே நிர்ணயித்தாக வேண்டியிருந்தது. நிர்ணயிக்காமல் கோடு இழுக்கவே முடியாது. இன்றோ ரெவிட் போன்ற மென்பொருளில் படிக்கட்டை அமைத்து முடித்த மாத்திரத்திலேயே இருபுறமும் கிராதி தானாக எழுந்து நிற்கிறது. இது பெரிய சௌகரியம். அதை நான் குறை கூறவில்லை. ஆனால் ஒரு தீர்மானத்தை யாரோ நமக்காக முன்கூட்டியே செய்துவைத்திருக்கும்போது, அப்படி ஒரு தீர்மானம் நடந்திருக்கிறது என்பதே நம் கவனத்திலிருந்து நழுவிவிடுகிறது. அந்த இடத்தில்தான் ஆபத்து தொடங்குகிறது.

ரெவிட்டின் மெட்ரிக் அளவுத் தொடக்கக் கோப்பில் '900 மி.மீ. குழாய்' என்றொரு கிராதி வகை உண்டு. நம் நாட்டுத் தேசியக் கட்டட விதித்தொகுப்போ, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில், மிதியின் நடுவிலிருந்து அளந்து 1000 மி.மீ. உயரத்தில் கைப்பிடி இருக்கவேண்டும் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் வித்தியாசம் 100 மி.மீ. என்று தோன்றும், உண்மையில் விஷயம் இன்னும் நுட்பமானது. படிகளின் முன்விளிம்புகளை இணைக்கும் சாய்கோட்டிலிருந்து 900 மி.மீ. உயரத்தில் கைப்பிடி ஓடுவதாகவும், ஒரு படியின் உயரம் குடியிருப்புகளுக்கு விதி அனுமதிக்கும் உச்ச அளவாகிய 190 மி.மீ. என்றும் வைத்துக்கொண்டால், மிதியின் நடுவில் அந்தச் சாய்கோடு மிதிக்கு மேலே 95 மி.மீ.யில் செல்லும், ஆகவே அங்கே கைப்பிடியின் உயரம் 995 மி.மீ. ஆகிவிடுகிறது; குறைவது ஐந்தே மி.மீ. ஆனால் இரண்டு படிவரிசைகளுக்கு நடுவிலுள்ள லேண்டிங்கில் சாய்வு கிடையாது. அங்கே கைப்பிடி முழுசாக 100 மி.மீ. குறைந்து நிற்கிறது. மனிதன் திரும்புகிற, நிலை தடுமாறுகிற, எதிரே வருகிறவருக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்குகிற அந்த ஸ்தலத்தில்தான் தடுப்பு மிகவும் தாழ்ந்திருக்கிறது. லேண்டிங்குக்கென்று உயரத்தைத் தனியே கூட்டுவதற்கு மென்பொருளிலேயே வழி இருக்கிறது. அதைத் தேடித் திறந்து பார்க்கும் சிரத்தை வேண்டும், அவ்வளவுதான்.

அந்தக் குழாய் வகையில் கம்பிகள் கிடைமட்டமாக, ஒன்றன்மேல் ஒன்றாக ஓடுகின்றன. பெரியவர்களுடைய கண்ணுக்கு அது அழகாக இருக்கலாம். மூன்று வயதுக் குழந்தைக்கு அது ஏணி. ஏறும் ஆபத்தோடு, கம்பிகளுக்கு நடுவே நுழையும் ஆபத்தும் உண்டு. அமெரிக்காவின் குடியிருப்புக் கட்டட மாதிரி விதிகள் இதற்கு ஒரு தெளிவான பரீட்சையை வைத்திருக்கின்றன: தடுப்புக் கிராதியின் எந்த இடைவெளியிலும் 4 அங்குல விட்டமுள்ள பந்து புகக் கூடாது, படிவரிசையின் பக்கத்தில் மட்டும் 4⅜ அங்குலம் வரையும், மிதியும் படியின் எழுச்சியும் கிராதியின் அடிக்கம்பியும் கூடி உண்டாக்கும் முக்கோணத்தில் 6 அங்குலம் வரையும் சலுகை உண்டு. ஒரு சிசுவின் உடல் நுழைந்து தலை சிக்கிக்கொள்ளும் அபாயத்தை மனத்தில் வைத்துச் செய்த பந்து அது. கணினி அந்தப் பந்தைத் தானாக உருட்டிப் பார்ப்பதில்லை; கம்பிகளின் இடைவெளியாக நாம் எந்த எண்ணைக் கொடுத்தாலும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறது.

இவை எல்லாவற்றிலும் முக்கியமானது திருப்பம். நம் ஊர் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எதில் நுழைந்தாலும் காணலாம்: கீழிருந்து ஏறிவரும் எவர்சில்வர் கைப்பிடி லேண்டிங்கில் வந்து நிற்கும், மேலே போகும் கைப்பிடி அதைவிட ஏறக்குறைய ஒரு சாண் உயரத்தில் தொடங்கும், இரண்டையும் ஒட்டவைக்க வெல்டர் நடுவில் ஒரு துண்டுக் குழாயைச் செங்குத்தாகப் பற்றவைத்திருப்பார். பற்றியபடி வரும் கை அந்த இடத்தில் முட்டி, விட்டு, மறுபடியும் தேடிப் பிடிக்கவேண்டும். இது வெல்டரின் பிழை அன்று. மேல்வரிசையின் முதற்படி, கீழ்வரிசையின் கடைசிப் படிக்கு நேர் எதிரே தொடங்குமாறு படிக்கட்டை வரைந்தால், இரு கைப்பிடிகளும் சந்திக்கும் இடத்தில் சரியாக ஒரு படியின் உயரம் வித்தியாசப்பட்டே தீரும். இது கணிதம், இதற்குச் சமாதானம் கிடையாது. மேல்வரிசையை ஒரு மிதி அளவு, அதாவது குடியிருப்புகளுக்கு நம் நாட்டு விதி கூறும் குறைந்தபட்சமான 250 மி.மீ., பின்னுக்குத் தள்ளித் தொடங்கினால், இரண்டு சாய்கோடுகளும் ஒரே புள்ளியில் கூடி, கைப்பிடி அறுபடாமல் திரும்பிவிடும். மாற்றுத் திறனாளிகளுக்கென அமெரிக்காவில் 2010இல் வகுத்த தரவிதிகள், திரும்பிச் செல்லும் படிக்கட்டின் உட்புறக் கைப்பிடி இரு வரிசைகளுக்கும் நடுவே தொடர்ச்சியாக இருக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதற்குக் காரணம், பார்வையற்றவருக்கும் நடுங்கும் கால்களை உடையவருக்கும் அந்தத் தொடர்ச்சியே வழிகாட்டி என்பதுதான்.

இந்தச் சிக்கல் கணினியோடு பிறந்ததும் அன்று. ஸ்காட்லாந்தில் 1765இல் பிறந்த பீட்டர் நிக்கல்சன் என்ற தச்சர், 1792இல் தச்சர்களுக்காக எழுதிய நூலிலேயே, வளைந்து ஏறும் மரக் கைப்பிடியை வடிவியலின் துணையால் வரைந்து செதுக்கும் முறையை ஆராய்ந்திருக்கிறார். சுழன்றுகொண்டே உயரும் ஒரு மரத்துண்டைத் தட்டையான தாளில் எப்படிக் குறிப்பது என்பது அக்காலத் தச்சர்களின் உச்ச வித்தையாக மதிக்கப்பட்டது. அத்தகைய வித்தைக்குரிய உறுப்பு, மென்பொருள் செய்தவர்களிடம் கடைசியாகத்தான் கவனம் பெற்றிருக்கிறது. ரெவிட் 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்தும், தொடர்ச்சியான மேல்கைப்பிடி அதில் 2013ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தனி அங்கமாயிற்று. ஹங்கேரி நாட்டு நிறுவனம் ஒன்று 1980களிலிருந்து வளர்த்துவரும் ஆர்க்கிகேட் என்ற மென்பொருளில், கிராதிக்கென்று பிரத்தியேகக் கருவி 2017இல்தான் வந்தது. சுவருக்கும் தூணுக்கும் தொடக்கத்திலேயே கிடைத்த மரியாதை, மனிதனுடைய கை படும் உறுப்புக்குக் கிடைக்க இத்தனை காலம் பிடித்திருக்கிறது.

எப்படியும் கடைசியில் வெல்டர் வந்து அளவெடுத்துத்தானே பொருத்தப்போகிறார், கணினியில் அதற்காக மெனக்கெட்டு நேரத்தை விரயம் செய்வானேன் என்று தொழிலில் இருப்பவர்கள் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. அடுக்குமாடி ஒன்றின் ஒவ்வொரு கம்பியையும் ஒவ்வொரு திருகாணியையும் உருவாக்கிக்கொண்டிருந்தால் கோப்பு கனத்துவிடும், வேலையும் முடியாது. ஆனால் வெல்டர் வரும் நாளில் கான்கிரீட் இறுகிப்போயிருக்கும்; ஒரு மிதியைப் பின்னுக்குத் தள்ளும் சுதந்திரம் அதற்குப் பல மாதங்கள் முன்பே, வரைபடத்தின் கட்டத்திலேயே, முடிந்துபோயிருக்கும். கிராதியை ஆரம்பத்திலேயே ஒழுங்காக உருவாக்கிப் பார்ப்பதன் முதல் பிரயோஜனம் கிராதிக்கு அன்று, படிக்கட்டுக்கே. திருப்பத்தில் கைப்பிடி உடைந்து காட்டுமானால், பிழை படிகளின் அமைப்பில் இருக்கிறது என்று கணினித் திரை நமக்குச் செலவில்லாமல் சொல்லிவிடுகிறது.

ஆகையால் செய்யவேண்டியவை சிலவே. ஒவ்வொரு வரைவு அலுவலகமும், மென்பொருளோடு வரும் வகைகளை அப்படியே எடுத்தாளாமல், நம் நாட்டு விதிக்கேற்ற உயரமும், குழந்தை ஏறமுடியாத செங்குத்துக் கம்பிகளும், லேண்டிங்குக்குத் தனி உயரமும் கொண்ட சொந்தக் கிராதி வகைகளை ஒருமுறை உழைத்து உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மென்பொருளின் பொத்தான்களைக் கற்பிப்பதற்கு முன்னால், திருப்பத்தில் ஒரு கைப்பிடியைத் தாளில் கையால் வரையச் சொல்லி, அந்த ஒரு படி வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதை மாணவன் தானே கண்டுபிடிக்கச் செய்யவேண்டும். அனுமதி வழங்கும் அலுவலகங்கள், படிக்கட்டின் குறுக்குவெட்டு வரைபடத்தில் கைப்பிடியின் உயரமும் கம்பிகளின் இடைவெளியும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக் கையெழுத்திட வேண்டும். வீடு வாங்குகிறவர்கள், தரைக்கு என்ன டைல்ஸ், குளியலறைக்கு எந்தக் குழாய் என்று கேட்கும்போதே, மாடிப்படியின் கிராதி வரைபடத்தையும் காட்டச் சொல்லிக் கேட்பது அவர்களுடைய உரிமை.

இவற்றில் எதற்கும் அதிகப் பணம் தேவையில்லை. கணினி ஒரு சாதனம். நம் விதிகளையும் நம் வீட்டு முதியவர்களின் நடையையும் அது அறியாது, அறிந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பதும் நியாயமன்று. தானாகத் தோன்றிய கிராதியை ஏற்பதா திருத்துவதா என்று தீர்மானிக்கும் கடமை வரைகிறவருடையது. அந்தத் தீர்மானம் வரைபடத்தில் இருக்கிறதா என்று கேட்கும் கடமை மற்ற நம் எல்லாருடையதும்.