ஆலயத்தில் சாட்சி, தாலுகா ஆபீஸில் மௌனம்

வெலிங்டன், குன்னூர் பக்கத்து ஆலயங்களில் அறுவடைப் பண்டிகை வந்தால் கேரட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு என்று ஆல்டர் முன்னால் குவிந்துவிடும். சேவல்கூட வரும். பிறகு ஏலம். இடையில் சாட்சி சொல்வார்கள். மகளுக்கு வேலை கிடைத்தது, ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கர்த்தர் செய்த உதவிக்கு ஸ்தோத்திரம். கடவுள் உதவினார், ஆகவே ஆராதிக்கிறோம். நம் மக்களின் விசுவாசம் இவ்வளவுதான்.

இதைக் கேலி செய்யும் தோழர்களோடு நாங்கள் உடன்படவில்லை. ஊரும் அரசும் கைவிட்ட இடத்தில் "நமக்கும் ஒருவர் இருக்கிறார்" என்று சொல்ல முடிவது சின்ன விஷயம் அல்ல. எங்கள் கேள்வி வேறு. அந்தச் சாட்சிகளில் சாதி மட்டும் ஏன் வருவதில்லை?

முதற்பலன் படைக்கும் முறையை உபாகமம் 26ஆம் அதிகாரம் சொல்கிறது. கூடையோடு வருபவர் தன் மக்களின் கதையைச் சொல்ல வேண்டும். நாடற்று அலைந்த முன்னோர், எகிப்தில் அடிமை வாழ்வு, பட்ட கொடுமை, போட்ட கூக்குரல், கிடைத்த விடுதலை. இதைச் சொன்ன பிறகுதான் பணிந்து தொழுவது. அதன்பின் லேவியரோடும் அந்நியரோடும் சேர்ந்து மகிழ வேண்டும். அங்கே ஏலம் இல்லை, பந்திதான். அடிமைப்பட்ட கதையை மறைத்துச் சொல்லும் நன்றி, வேதாகமத்தின்படியே பாதி நன்றிதான்.

இந்த மலையிலும் நமக்குக் கதை உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்டு, இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களில் கணிசமானோர் நம் மக்கள். அதற்கும் வெகு முன்னால், 1891இல், அயோத்திதாசப் பண்டிதர் திராவிட மகாஜன சபை மாநாட்டைக் கூட்டியதும் இதே நீலகிரியில்தான்.

பிறகு ஏன் மௌனம்? சட்டம்தான் வாயைக் கட்டுகிறது. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை கதவு திறக்கவில்லை. நீலகிரி மக்களவைத் தொகுதி தனித் தொகுதி. வெலிங்டனில் பிறந்து வளர்ந்த தலித் கிறிஸ்தவர் அங்கே ஓட்டுப் போடலாம், வேட்பாளராக நிற்க முடியாது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அவருக்கு இல்லை.

2024 நவம்பரில், ஞானஸ்நானம் பெற்றுத் தவறாமல் தேவாலயம் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவருக்கு எஸ்.சி. சான்றிதழ் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆராதனைக்குப் போனதே அவருக்கு எதிரான சாட்சியமாயிற்று. நன்றி சொன்னால் சான்றிதழ் போகும். சான்றிதழைக் காப்பாற்ற நன்றியை மறைக்க வேண்டும். நம் வீடுகளில் ஆலயத்துக்கு ஒரு பெயர், பள்ளிக்கு ஒரு பெயர் இருப்பது இதனால்தான்.

இதை ஏமாற்று வேலை என்கிறார்கள். ஞானஸ்நானம் எடுத்த மறுநாள் சேரி அக்ரகாரமாகிவிடுகிறதா? திருச்சி மேலப்புதூர் கல்லறையில், செத்த பிறகும் தலித் கத்தோலிக்கரைப் பிரித்துவைத்த சுவரைத் தமிழகமே அறியும். சாதி ஆலயத்துக்குள்ளும் வருகிறது. சலுகை மட்டும் வாசலில் நின்றுவிடுகிறது.

ஆகவே திருச்சபைக்கும் பொறுப்பு உண்டு. நம் மக்களின் காணிக்கையை வாங்கிக்கொள்கிற சபை, அந்தக் காணிக்கைக்காக அவர்கள் இழந்த உரிமைக்கும் குரல் கொடுக்க வேண்டும். ஏலப் பணத்தில் ஒரு பங்கு தலித் மாணவர்களின் கட்டணத்துக்குப் போகட்டும்.

மாணவத் தோழர்களே, அந்த ஆணை வெளியான ஆகஸ்ட் 10ஆம் தேதியைத் தலித் கிறிஸ்தவர்கள் கறுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். அதையொட்டி வரும் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஆலயத்தில் சாட்சி நேரத்தில் எழுந்து நில்லுங்கள். கர்த்தர் செய்த உதவியைச் சொல்லுங்கள். எந்த அடிமைத்தனத்தில் உதவினார், அதில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.