11% வட்டி யாரும் சும்மா தர்றதில்லை!



போன மாசம் எங்க சித்தப்பா போன் பண்ணார். ரிட்டயர்மென்ட் பணம் கைக்கு வந்திருக்கு. "தம்பி, பேங்க்ல 7% தான். ஒரு கம்பெனி என்சிடில 11% தர்றாங்களாம். போட்டுடலாமா?"

நான் திருப்பி ஒரு கேள்விதான் கேட்டேன்: "9 சதவீதத்துல கடன் கிடைச்சா, அவங்க ஏன் உங்களுக்கு 11% தரப்போறாங்க சித்தப்பா?"

அந்தக் கூடுதல் வட்டியில ஒரு பகுதி, தொழிலோட ரிஸ்க்குக்கு. இன்னொரு பகுதி, அந்தக் கம்பெனியைப் பத்தி நமக்குத் தெரியாத விஷயங்களுக்கு.

பழைய பைக் கணக்கு

பழைய பைக் வாங்கப் போறீங்க. எஞ்சின் எப்படின்னு விக்கிறவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சர்வீஸ் பில் எல்லாம் காட்டினா கேட்ட விலை கொடுப்பீங்க. காட்டலைன்னா, எதுக்கும் இருக்கட்டும்னு 5,000 ரூபாய் குறைச்சுக் கேப்பீங்க. வண்டி உண்மையிலேயே நல்ல வண்டியா இருந்தாலும் அவருக்கு அந்த 5,000 போச்சு! ஜார்ஜ் அகர்லாஃப் 1970-ல் பழைய கார் சந்தையை வைத்து விளக்கியது இதைத்தான். 2001-ல் அவருக்குப் பொருளாதார நோபல் கிடைத்தது.

கம்பெனிக்கும் இதே கதைதான். 1,000 கோடி கடனுக்கு 2% வட்டி கூடினா, வருஷத்துக்கு 20 கோடி லாபம் குறையும். வரியை விட்டுடுவோம். லாபத்தைப் போல 15 மடங்கு விலைக்கு அந்தப் பங்கு விக்குதுன்னா, 300 கோடி சந்தை மதிப்பு காலி. நம்பிக்கை குறைஞ்சு அந்த 15 மடங்கே 12 ஆனா, அடி இன்னும் பலமா விழும்.

ஒருத்தர் மறைச்சா எல்லாரும் கட்டணும்

2018 ஞாபகம் இருக்கா? ஐஎல்&எஃப்எஸ் குழுமத்தின் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். துணை நிறுவனங்கள் 300-க்கு மேல. எந்தக் கம்பெனி யாருக்கு எவ்வளவு தரணும்னு வெளியே இருந்து பார்த்தா புரியாது. ஆகஸ்ட் தொடக்கம் வரை டிரிபிள் ஏ ரேட்டிங். செப்டம்பரில் அது டி, அதாவது கடனைத் திருப்பித் தரவில்லை!

அதுக்கப்புறம்தான் வேடிக்கை. "இவங்களே இப்படின்னா மத்தவங்க எப்படி?"ங்கிற பயத்துல, ஒழுங்கா நடந்த என்பிஎஃப்சிகளுக்கும் கடன் கிடைக்கிறது கஷ்டமாச்சு, வட்டியும் ஏறுச்சு. செப்டம்பர் 21 அன்று டிஹெச்எஃப்எல் பங்கு ஒரே நாளில் 40 சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அந்த நிறுவனம் தவணை தவறியது அடுத்த வருஷம்தான்.

"எல்லாத்தையும் வெளியே சொன்னா போட்டிக்காரன் பயன்படுத்திக்குவானே?"ன்னு சிலர் கேப்பாங்க. தொழில் ரகசியத்தை யாரும் கேக்கலைங்க. அடமானம் வெச்ச பங்கு, சொந்தக்காரங்க கம்பெனிக்குக் கொடுத்த கடன், இதெல்லாம் தொழில் ரகசியமா? என் பார்வையில், இதை மறைக்கிற நிர்வாகம் தன் பங்குதாரர் பணத்துலதான் அதுக்கு விலை கொடுக்குது.

நீங்க பார்க்க வேண்டியது

1. புரமோட்டர் பங்குகளில் எத்தனை சதவீதம் அடமானத்தில் இருக்கு? 2009 சத்யம் மோசடிக்குப் பிறகு செபி இதைக் கட்டாயமா வெளியிடச் சொல்லிடுச்சு. பிஎஸ்இ, என்எஸ்இ தளத்துல இலவசமா பார்க்கலாம்.
2. ஆடிட்டர் பாதியிலேயே விலகினாரா?
3. ஆண்டறிக்கையில் குழும நிறுவனங்களோட கொடுக்கல் வாங்கல், மத்தவங்களுக்குக் கொடுத்த உத்தரவாதம் எவ்வளவு?
4. ரேட்டிங் எழுத்தை மட்டும் பார்க்காதீங்க. எதனால அந்த ரேட்டிங்னு ஏஜென்சி எழுதின அறிக்கையைப் படிங்க.

ஒண்ணு மட்டும் கவனம். வெளியிட்டது எல்லாம் உண்மைன்னு அர்த்தம் இல்லை. சத்யமும் காலாண்டு தவறாம கணக்கு வெளியிட்ட கம்பெனிதான். இல்லாத 5,040 கோடியை இருக்குன்னு காட்டுச்சு. அதனால ஒரு இடத்துல படிச்சதை இன்னொரு இடத்துல சரிபாருங்க.

ரெண்டு நாள் கழிச்சு சித்தப்பா கூப்பிட்டார். "புரமோட்டர் பங்குல பாதிக்கு மேல அடமானத்துல இருக்குடா!" பணம் இப்போதைக்கு பேங்க்லயே இருக்கு. 7% தான். ராத்திரி தூக்கம் வருது.

உங்க கையில இருக்கிற பங்கு, என்சிடி எதுவா இருந்தாலும், இன்னிக்கே அந்த முதல் கேள்வியை மட்டுமாவது பார்த்துடுங்க.